மறைக்காட்டுக் கதவும் யூலை மாதப் பதிலும்

சிவமயம்



இம்மலர் உங்கள் கைகளுக்கு வந்து சேரும் இச் சித்திரை மாதத்திலே எமது சமூகத்தின் பல வீடுகளில் ஒரு காத்திருப்புத் தொடங்கியிருக்கின்றது. கிம்னாசியத்தில் இறுதியாண்டு படிக்கும் எமது பிள்ளைகளுட் பலர் மார்ச் 15 ஆம் திகதி நண்பகல் 12 மணிக்கு முன்னரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து விட்டார்கள். பதிலோ யூலை மாதக் கடைசியில்தான் வரும். அதனை யூலை 28 என்று வைத்துக்கொண்டால் இடையிலே 135 நாட்கள். இந்த 135 நாட்களையும் சைவப் பெற்றோராகவும் சைவப் பிள்ளைகளாகவும் நாம் எவ்வாறு கழிக்க வேண்டும் என்பதே இம்முறை நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

"இது ஆலய மலரிலே எழுத வேண்டிய விடயமா?" என்று சிலர் நினைக்கக்கூடும். வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசைக்கருகே சற்று நேரம் நின்று பார்த்தால் அந்த ஐயம் நீங்கிவிடும். பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்ன பிறகு, தாய்மார் குரலைத் தாழ்த்தி, "மெடிசின் கிடைக்க வேணும் எண்டு சொல்லிச் செய்யச் சொல்லுங்கோ" என்கிறார்கள். எங்கே எமது மக்களின் ஏக்கம் இருக்கின்றதோ அங்கேதான் சமயமும் பேச வேண்டும். ஆகவே முதலில் எமது நாயன்மார் இருவர் ஒரு மூடிய கதவின் முன் நின்ற வரலாற்றைப் பார்ப்போம்.

திருமறைக்காட்டில் நடந்தது

எமது வடமராட்சிக் கரையில் நின்று கடலைப் பார்த்தால், நீரிணைக்கு அக்கரையில் இருப்பது வேதாரணியம். அதன் பழம்பெயரே திருமறைக்காடு. 1983 ஆம் ஆண்டின் பின் படகேறிய எம்மவருட் சிலர் உயிர் தப்பி முதலில் கால் வைத்ததும் அந்தக் கரையோரத்திலேதான். அத்தலத்துக்கு ஏழாம் நூற்றாண்டிலே திருநாவுக்கரசு நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் ஒன்றாக எழுந்தருளினார்கள். அப்பர் முதியவர், சம்பந்தர் சிறுவர்.

அங்கே கோயிலின் பெருவாயிற் கதவு அடைத்துக் கிடந்தது. முன்னொரு காலத்திலே வேதங்களே வந்து இறைவனைப் பூசித்து அக்கதவைத் திருக்காப்பிட்டுச் சென்றன என்றும், அதன்பின் திறக்க வல்லார் எவரும் இல்லாமையால் அடியார்கள் வேறொரு பக்கத்தில் வாயில் அமைத்து அதன் வழியே போய் வருகிறார்கள் என்றும் ஊரார் சொன்னார்கள். இறைவனை நேர்வாயிலால் சென்றே வணங்க வேண்டும் என விரும்பிய சம்பந்தர், கதவு திறக்கப் பாடும்படி அப்பரை வேண்டிக்கொண்டார்.

அப்பர் பாடினார். கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்கொண்டே போனார். அப்போதும் திறக்கவில்லை. முடிவிலே, எம்மேல் உமக்கு இரக்கமே இல்லையோ என்று உள்ளம் நைந்து கேட்கும் அளவுக்கு வந்த பின்னரே தாள் நீங்கிக் கதவு திறந்தது. இருவரும் உள்ளே சென்று கண்ணீர் பெருக வழிபட்டார்கள். வெளியே வந்ததும், இனி இக்கதவு நாள்தோறும் திறப்பதும் அடைப்பதுமாக வழக்கத்தில் வரவேண்டும் என்று கருதி, அடைக்கப் பாடும்படி அப்பர் சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் முதற்பாட்டைப் பாடிய உடனேயே கதவு தானாக அடைத்துக்கொண்டது.

அன்றிரவு அப்பருக்கு நிம்மதி இல்லை. "நான் திறக்கப் பாடியபோது அவ்வளவு தாமதம், பிள்ளையார் அடைக்கப் பாடியபோது ஒரே பாட்டு. இறைவனுடைய திருவுள்ளத்தை நான் அறியாமற் போனேனோ?" என்று வருந்தியபடியே திருமடத்திற் கண்ணயர்ந்தார். இறைவன் தோன்றி, தாம் திருவாய்மூரில் இருப்பதாகவும் தம்மைத் தொடர்ந்து வரும்படியும் அருளினார். அப்பர் எழுந்து பின்தொடர்ந்தார். செய்தி அறிந்த சம்பந்தரும் அவரைத் தேடி வந்தார். வாய்மூரிலே இறைவன் தமது காட்சியைச் சம்பந்தருக்குக் காட்டியருள, சம்பந்தர் அதனை அப்பருக்குக் காட்டினார்.

தாமதம் என்பது மறுப்பு அன்று

ஏன் அந்தத் தாமதம்? அப்பர் பாட்டில் குறையா? அன்பிற் குறையா? சேக்கிழார் பெருமான் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். அப்பருடைய பாடலின் பயனை நெடுநேரம் நுகர விரும்பியே இறைவன் கதவைத் திறக்கத் தாழ்த்தார் என்பது அவர் தரும் விளக்கம். முதற்பாட்டிலேயே கதவு திறந்திருந்தால், ஐந்தாந் திருமுறையிலே நாம் இன்றும் ஓதுகின்ற அந்தப் பதிகம் எமக்கு முழுமையாகக் கிடைத்திராது. கதவின் முன் நின்ற நேரம் வீணான நேரம் அன்று. அந்த நேரத்திலேதான் பதிகம் பிறந்தது.

ஆனால் இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அப்பரும் வருந்தினார். பக்தியில் பழுத்த ஒருவருக்கே மூடிய கதவின் நினைவு இரவில் நித்திரையைக் கெடுத்ததென்றால், பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? "இதற்கெல்லாம் கவலைப்படலாமோ?" என்று நாம் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது சரியன்று. கவலை வருவது இயல்பு. அப்பர் கவலையோடு கிடந்தாரே தவிர, சம்பந்தர்மேற் பொறாமை கொள்ளவில்லை. மறுபடி அழைப்பு வந்தபோது, "எனக்கு இனி வேண்டாம்" என்று படுத்திருக்கவும் இல்லை. எழுந்து நடந்தார். சம்பந்தரும் "எனக்கு உடனே கிடைத்தது" என்று பெருமை பேசவில்லை. தமக்குக் கிடைத்த காட்சியைத் தோழருக்குக் காட்டினார். ஒருவருக்கு விரைந்தும் ஒருவருக்குப் பிந்தியும் கிடைத்தபோது அவ்விருவரும் நடந்துகொண்ட விதம் எமது பிள்ளைகளுக்கும், அவர்களைவிட எமக்கும், பாடமாக வேண்டும்.

இந்நாட்டுக் கதவு எப்படித் திறக்கின்றது?

பெற்றோர் பலருக்கு இந்நாட்டு அனுமதி முறை இன்னும் தெளிவில்லை. தெளிவில்லாத இடத்திலேதான் வீண் பயமும் வீண் நம்பிக்கையும் குடிகொள்கின்றன. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

டென்மார்க்கில் உயர்கல்விக்கான விண்ணப்பங்கள் பொது முறை ஒன்றின் வழியாகவே செல்கின்றன. ஒரு பிள்ளை எட்டுத் தெரிவுகள் வரை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கலாம். அனுமதிக்கு இரண்டு குவோட்டாக்கள் உண்டு. முதற் குவோட்டாவில் கிம்னாசியச் சராசரிப் புள்ளி மட்டுமே பார்க்கப்படும். அதற்கு யூலை 5 ஆம் திகதி நண்பகல் வரை காலம் உண்டு. இரண்டாம் குவோட்டாவில் புள்ளியோடு வேறு தகைமைகளையும் பார்ப்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் தனிப் பரீட்சையோ நேர்முகமோ வைக்கின்றன. அதற்கே மார்ச் 15 என்ற முந்திய திகதி. கிம்னாசியப் பரீட்சையோடு இரண்டாம் குவோட்டாவில் விண்ணப்பித்த பிள்ளை முதற் குவோட்டாவிலும் பார்க்கப்படும். அதாவது முந்தித் தட்டியவருக்கு இரண்டு கதவுகள். தெரிவுகளின் வரிசையையும் யூலை 5 வரை மாற்றிக்கொள்ளலாம். முடிவிலே, தகுதி பெற்ற தெரிவுகளுள் மேலே உள்ள ஒன்று மட்டுமே பிள்ளைக்கு வழங்கப்படும்.

இனி, எம்மவர் அதிகம் பேசுகின்ற வெட்டுப்புள்ளிக்கு வருவோம். கொப்பன்ஹேகன், ஓகூஸ், ஒடென்ஸ, ஓல்போர்க் ஆகிய பல்கலைக்கழகங்களின் மருத்துவப் படிப்புக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்று பெற்றோர் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புள்ளியை எவரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. முதற் குவோட்டாவில் இடங்கள் நிரம்பும்போது கடைசியாக இடம் பெற்றவரின் சராசரி எதுவோ அதுவே அவ்வாண்டின் வெட்டுப்புள்ளி. விண்ணப்பிப்போர் கூடினால் அது ஏறும், குறைந்தால் இறங்கும், இடங்கள் மாறினாலும் மாறும். இதனை நாம் ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், அந்த எண் எத்தனை கதிரைகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சொல்லும் எண். எமது பிள்ளையின் அறிவையோ குணத்தையோ எதிர்காலத்தையோ அளந்து சொல்லும் எண் அன்று. தசமப் புள்ளிக்குப் பின் வரும் ஓர் இலக்கத்தால் ஒரு பிள்ளை உள்ளேயும் இன்னொரு பிள்ளை வெளியேயும் நிற்கலாம். அந்த இலக்கத்தைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டி வைத்து வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது அறியாமை.

எமது பழைய காயம்

அப்படியானால் ஏன் எமக்கு இவ்வளவு பதற்றம்? டெனிஷ் அயலவர் வீட்டிலும் பிள்ளை விண்ணப்பிக்கின்றது. அங்கே இவ்வளவு நடுக்கம் காண்பதில்லை. இதற்கு வரலாறு உண்டு. எமது பிள்ளைகளும் இதனை அறிய வேண்டும்.

1970களின் தொடக்கத்திலே இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவ பீடத்துக்குச் செல்லத் தமிழ் மொழிமூல மாணவர் 400 புள்ளிகளுக்கு 250 எடுக்க வேண்டியிருக்க, சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும் என விதித்தார்கள். 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தில் இரவிரவாக விளக்கைக் கொளுத்தி வைத்துப் படித்த ஒரு தலைமுறை, போதிய புள்ளி எடுத்தும் வாசலில் நின்றது. அதே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டு 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த நிலத்திலே, பரமேசுவரன் ஆலயத்தைத் தன்னகத்தே கொண்டு அது நிற்கின்றது. அந்த ஆலயத்தில் விபூதி பூசிக்கொண்டு விரிவுரைக்குப் போகும் பேறு சிலருக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் போர் வந்தது. இந்தக் கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். "எங்களுக்குத் தராததை நீ எடுத்துக் காட்டு" என்ற சொல் தாத்தாவிலிருந்து தகப்பனுக்கும், தகப்பனிலிருந்து இங்கே பிறந்த பிள்ளைக்கும் கைமாறி வந்திருக்கின்றது.

இந்நாட்டிலும் ஒரு கதவு எமக்கு எதிராக மூடப்பட்டதுண்டு. 1987 முதல் 1989 வரை தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாகத் தேக்கி வைக்கப்பட்டன. மனைவி ஒரு கரையிலும் கணவன் ஒரு கரையிலுமாகத் தபாற்காரனை எதிர்பார்த்துக் காத்திருந்த அந்த நாட்களை எமது மூத்தோர் மறக்கவில்லை. 1993 யனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்தபோது பிரதமர் போல் சுலூட்டர் பதவி விலகினார். 1995 இல் அரச நீதிமன்றம் முன்னாள் நீதி அமைச்சர் எரிக் நின் ஹன்சனைக் குற்றவாளி எனத் தீர்த்தது.

இவை மனிதர் அநீதியாக மூடிய கதவுகள். அத்தகைய கதவின் முன் பொறுமை மட்டும் போதாது. நியாயம் கேட்கவும் வேண்டும், கேட்டோம். ஆனால் இன்று எமது பிள்ளையின் முன் உள்ள கதவு அந்த வகையைச் சேர்ந்ததன்று. இங்கே விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்று. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் இல்லை. இடம் குறைவு, வருவோர் அதிகம், அவ்வளவே. பழைய கதவின் கோபத்தைக் கொண்டுவந்து புதிய கதவின் முன் நிற்கும் பிள்ளையின் தோளிலே ஏற்றுவது நியாயமாகாது. எமது தந்தையர் இழந்த இடத்தை மீட்டுத் தருவது அப்பிள்ளையின் கடன் அன்று. அது தனக்கென ஒரு வாழ்க்கையைக் கேட்டே விண்ணப்பித்திருக்கின்றது.

வராத வருமானம்

நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். எமது தொழிலில் முன்மதி என்றொரு கோட்பாடு உண்டு. கைக்கு வருவது நிச்சயமாகும் வரை வருமானத்தை வரவில் எழுதக்கூடாது. வரக்கூடிய நட்டத்தையோ தெரிந்தவுடனேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இக்கோட்பாடு வீட்டுக்கும் பொருந்தும்.

மார்ச் மாதத்தில் விண்ணப்பம் போனதும், ஏப்ரல் மாதத்தில் ஒரு பிறந்தநாள் விழாவிலே, "மகள் டொக்டருக்குப் படிக்கப் போறா" என்று நாம் சொல்லிவிடுகிறோம். கனடாவிலுள்ள பெரியம்மாவுக்கும் இலண்டனிலுள்ள மாமாவுக்கும் செய்தி போய்விடுகின்றது. வராத வருமானம் வரவில் எழுதப்பட்டாயிற்று. யூலையில் அது வராவிட்டால், எழுதிய நாம் அழிப்பதில்லை. அந்தப் பிள்ளைதான் ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு தொலைபேசி அழைப்பாக அதனை அழித்துக்கொண்டு போக வேண்டியிருக்கின்றது. அந்தப் பாரம் எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நட்டத்துக்கான ஏற்பாடு என்பது அவநம்பிக்கை அன்று. எட்டுத் தெரிவுகளில் முதலாவதை மட்டும் நிரப்பி ஏழையும் வெறுமையாக விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். "வேறொன்றும் எழுதாதே, எழுதினால் அதுதான் கிடைக்கும்" என்று பெற்றோர் தடுப்பதும் உண்டு. இது விதியை அறியாத பேச்சு. கீழே எத்தனை தெரிவுகள் எழுதினாலும் மேலே உள்ளதற்கான வாய்ப்பு அதனாற் குறைவதில்லை. ஸ்டான்ட்பை இடம் என்றொன்றும் உண்டு. அதனைக் கேட்டு எழுதி, அது வழங்கப்பட்டால், இடம் காலியாகும்போது அழைப்பார்கள். அவ்வாண்டு அழைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு அந்தப் படிப்பில் இடம் உறுதி. பிள்ளையோடு இருந்து, இவற்றைக் கேட்டறிந்து, யூலை 5 இற்கு முன் வரிசையைச் சரிபார்ப்பது பெற்றோர் செய்யக்கூடிய பயனுள்ள பணி.

பக்கவாசல்

இவ்வளவும் சொன்னபின், இச் சிந்தனைக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில காலத்துக்கு முன் ஒரு பூசை முடிந்து அன்னதான வேளையிலே வயதில் மூத்த தாய் ஒருவர் எம்மிடம் வந்தார். "தம்பி, பேத்தி வர வர கோயிலுக்கு வாறாளில்லை. கேட்டால் கோவிக்கிறாள். நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ" என்றார். பின்னர் அப்பிள்ளையைக் கண்டபோது, "ஏன் பிள்ளை வாறதில்லை?" என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "மாமா, எனக்கு மெடிசின் கிடைக்கேல்லை. கோயிலுக்கு வந்தால் செருப்புக் கழட்டுற இடத்திலயே கேட்பினம், 'என்ன பிள்ளை, கிடைச்சுதோ?' எண்டு. சாமியைக் கும்பிட முதல் பத்துப் பேருக்கு இல்லை எண்டு சொல்ல வேணும். அதுதான் ஆக்கள் இல்லாத நேரம் பார்த்து எப்பவாவது வருவன்."

அடியார்களே, இந்தச் சொல்லைக் கேட்டபோது எமக்குத் திருமறைக்காடே நினைவுக்கு வந்தது. அங்கே பெருவாயில் அடைத்துக் கிடந்தமையால் அடியார்கள் பக்கவாசலால் வந்து போனார்கள். இங்கே பெருவாயில் திறந்துதான் இருக்கின்றது, ஆனால் எமது கேள்விகளால் நாம் அதனை அந்தப் பிள்ளைக்கு அடைத்துவிட்டோம். பல்கலைக்கழகம் அவளுக்கு மறுத்தது ஓராண்டுக்கான ஓர் இடம். நாம் மறுத்தது அவளுடைய கோயில் வாசல். இவற்றுள் எது பெரிய இழப்பு என்று நாமே சீர்தூக்கிப் பார்ப்போம்.

அவள் ஒரு மூதாட்டிக்குப் பேத்தி, நன்றாகப் படித்த பிள்ளை, சிறுவயதில் சரஸ்வதி பூசைக்குத் தேவாரம் பாடிய பிள்ளை. ஒரு வெட்டுப்புள்ளி மேலே ஏறியதால் இவற்றில் எது மாறிப்போயிற்று? இறைவன் சந்நிதியில் எவருடைய சராசரியும் கேட்கப்படுவதில்லை. அர்ச்சனைச் சீட்டிலே பெயரும் நட்சத்திரமுந்தான் எழுதுகிறோம், புள்ளி எழுத இடமில்லை. கண்ணப்ப நாயனார் என்ன பரீட்சையிற் சித்தியடைந்தார்? கல்லாலே கட்டப் பொருளின்றி மனத்தாலே கோயில் கட்டிய பூசலார் எந்தப் பட்டம் பெற்றிருந்தார்? அவர்களை ஏற்றுக்கொண்ட சந்நிதிக்கு எமது பிள்ளை கூசிக் கூசி வரும்படி நாம் செய்யலாமா?

இந்நாட்டுப் பெரியார் ஒருவரையும் இங்கே நினைக்கலாம். குருண்ட்விக் என்ற டெனிஷ் மதகுரு (1783 – 1872), பரீட்சையும் புள்ளியும் இல்லாமல் மனிதரை மனிதராக வளர்க்கும் பாடசாலைகள் வேண்டும் என்றார். அவருடைய எண்ணத்தைப் பின்பற்றி 1844 இல் றோடிங் என்ற ஊரில் முதலாவது மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. இன்றும் டெனிஷ் இளைஞர் பலர் கிம்னாசியம் முடித்தபின் ஓராண்டை அத்தகைய பள்ளியிலோ வேலையிலோ கழித்துவிட்டுப் பின்னர் பல்கலைக்கழகம் செல்கிறார்கள். அதனை அவர்கள் இழந்த ஆண்டாகக் கருதுவதில்லை. "ஒரு வருசம் வீணாய்ப் போச்சு" என்று எமது வீடுகளில் கேட்கும் அழுகையை நாம் சற்று அடக்கிக்கொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியவை

பிள்ளைகளுக்கு: மே, யூன் மாதங்களில் எழுத்துப் பரீட்சையும் வாய்மொழிப் பரீட்சையும் வருகின்றன. விண்ணப்பம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது, பரீட்சை இன்னும் உங்கள் கையில் இருக்கின்றது. கையில் இருப்பதில் மனத்தை வையுங்கள். யூன் மாத இறுதியில் வெள்ளைத் தொப்பி அணிந்து, லொறியில் ஏறி, தோழர் வீடு வீடாகச் செல்லும் நாளை மகிழ்ச்சியோடு கொண்டாடுங்கள். அந்தத் தொப்பி நீங்கள் உழைத்துப் பெற்றது. யூலையில் வரும் எந்தப் பதிலாலும் அதனைத் திருப்பி எடுக்க முடியாது. இடம் கிடைத்தால் சம்பந்தரைப் போலக் கிடைக்காத தோழரை நினைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அப்பரைப் போல ஓர் இரவு வருந்துங்கள், பின் எழுந்து நடவுங்கள். எதுவாயினும் அன்றைக்கே தாய் தந்தையரிடம் சொல்லுங்கள். தனியே வைத்திருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு: நாள்தோறும் கேட்காதீர்கள். ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பதில் வரும் நாளுக்கு முன்னரே ஒரு மாலையில் பிள்ளையை அருகில் இருத்தி, "எந்தப் பதில் வந்தாலும் நீ எங்கட பிள்ளை, இந்த வீட்டிலை ஒண்டும் மாறாது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அது பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அர்ச்சனை செய்யுங்கள், நேர்த்தி வையுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் இடத்தைக் கேட்கும்போது, கிடைத்தால் பணிவையும் கிடைக்காவிட்டால் தெளிவையும் சேர்த்துக் கேளுங்கள். இறைவன் எமது ஏவலாளர் அல்லர். அவருக்கு நாம் தெரிவுப்பட்டியல் எழுதிக் கொடுக்கலாம், வரிசையை அவர் மாற்றினால் அதற்கும் தலைவணங்க வேண்டும்.

அடியார்கள் எல்லோருக்கும்: பதில் வரும் காலமும் எமது ஆலயங்களில் கோடைத் திருவிழாக்கள் நடக்கும் காலமும் அண்டியே வருகின்றன. தேர்வடத்தைப் பிடிக்க இளைஞர் வருவார்கள். செருப்புக் கழற்றும் இடத்திலோ அன்னதான வரிசையிலோ அவர்களைக் கண்டால், "கிடைச்சுதோ?" என்று கேட்காமல், "வந்திட்டீரே, சந்தோசம். சாப்பிட்டீரோ?" என்று கேட்போம். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். இவ்வாண்டு இந்த ஒரு விரதத்தை எமது ஆலயத்துக்கு வரும் ஒவ்வொருவரும் கைக்கொண்டால், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து போகும் அந்தப் பிள்ளையும் தேரன்று நேர்வாயிலால் வருவாள்.

பல்கலைக்கழகத்தின் கதவு திறப்பதும் திறக்காததும் எமது கையில் இல்லை. வீட்டின் கதவும் ஆலயத்தின் கதவும் எமது கையில் இருக்கின்றன. மறைக்காட்டுப் பெருவாயிலைத் திறப்பித்து அடியார்களை நேரே வரச்செய்த அப்பர் பெருமானின் திருவடிகளை நினைந்து, இக்கதவுகளை எமது பிள்ளைகளுக்கு எந்நாளும் திறந்து வைத்திருப்போமாக. காத்திருக்கும் பிள்ளைகள் யாவருக்கும் அம்பிகையின் அருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்